என் பெயரில் ஒரு நோயாளி

2019 நவம்பர் 4, திங்கள்

இன்று காலை ஏழு மணிக்கு என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே ஏழு மணிக்கு நான் பாரிஸின் மேற்கே ஒரு காப்புறுதிக் கம்பனியின் ஐந்தாம் மாடியில் கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தேன்.

இரண்டும் உண்மை. கட்டிலில் கிடப்பவன் தவபாலன். கட்டிலின் தலைமாட்டில் ஒட்டியிருப்பது என் பெயர்: செல்லையா விமலேந்திரன்.

தவபாலனுக்கு விசா இல்லை. அகதி விண்ணப்பத்தை இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள். உடம்பு முழுக்கச் சீனி. இரண்டு வருடமாக என்னுடைய மருத்துவ அட்டையைக் கொண்டுபோய், என் பெயரைச் சொல்லி, தன் வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறான். அட்டையில் இருக்கும் படம் பன்னிரண்டு வருடப் பழசு. அதில் எனக்கு மீசை இருக்கிறது, தலை நிறைய மயிரும் இருக்கிறது. எங்கள் பகுதி டொக்டர் அட்டையைப் பார்ப்பார், கணினியைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் அவருக்கு நாங்கள் எல்லோரும் ஒரே ஆள்தான்.

வலது கால் பெருவிரலில் இருந்த புண் பழுத்து, நேற்று முழுவதும் காய்ச்சலில் நடுங்கினான். "நான் வேலைக்குப் போன பிறகு அம்புலன்ஸைக் கூப்பிடு" என்று சொல்லி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனேன். ஒரே வீட்டில் இரண்டு விமலேந்திரன்கள் நிற்க முடியாது.

பின்னாளில் யாராவது இதை வாசித்தால் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக்கூடாது. தவபாலன் எனக்குச் சமைக்கிறான், வீடு கூட்டுகிறான், உடுப்புத் தோய்க்கிறான். அதற்காகத்தான் அட்டை. நட்பு, இரக்கம் எதுவும் கிடையாது. இருபத்தொரு வருடத்துக்கு முன் என் வாழ்க்கையைக் கெடுத்தவன் அவன்.

நவம்பர் 5, செவ்வாய்

சோறு அடிப்பிடித்துவிட்டது. பன்னிரண்டு வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவனுக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லை.

பாண் வாங்கக் கீழ்த்தளத்தில் இருக்கும் ரஞ்சி அக்காவின் கடைக்குப் போனேன். புழுங்கல் அரிசியிலிருந்து, ஆட்கள் பயணப் பெட்டிக்குள் கொண்டுவரும் மருந்துக் குளிசை வரை அவரிடம் எல்லாம் உண்டு. அரிசி மேசைக்கு மேலே, குளிசை மேசைக்குக் கீழே.

"என்ன மாஸ்டர், உங்களை அம்புலன்சிலை ஏத்தினதாக் கேள்விப்பட்டன். அதுக்குள்ளை சுகமாகிப் பாண் வாங்கவும் வந்திட்டியளோ?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

"மெல்லமாக் கதையுங்கோ அக்கா."

"ஏன், ஆஸ்பத்திரியிலை கிடக்கிற மாஸ்டருக்குக் கேட்டிடுமோ?"

இந்தக் கட்டடம் முழுவதற்கும் தெரியும். எங்கள் ஆட்கள் இரகசியம் காப்பது வெள்ளைக்காரனிடம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. டொக்டர் எழுதித் தந்த என் மருந்துத் துண்டு, அட்டையோடு ஒரே பிளாஸ்ரிக் உறைக்குள் அவனிடம் போய்விட்டது. என் இதயம் தாளம் தப்பித் துடிப்பது. இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் காலையும் மாலையும் ஒரு மாத்திரை போடவேண்டும். தவறினால் மூளைக்குள் அடைக்கும் என்று இதய டொக்டர் சொல்லியிருக்கிறார். இன்று மாலை போட்ட பிறகு பெட்டியில் ஏழு இருக்கிறது. புதிதாக எழுதி வாங்கலாமென்றால், கணினியில் நான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

பார்க்கப் போனேன். மாத்திரைத் துண்டுக்காகத்தான் போனேன். வாசலில் பெயர் கேட்டார்கள். என் பெயர் கட்டிலில் கிடப்பதால் தவபாலன் என்று சொன்னேன். நோயாளிக்கு என்ன உறவு? சகோதரன். நாக்குக் கூசியது.

சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. காலைச் சுற்றிப் பெரிய கட்டு. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். இன்னமும் என்னைக் கண்டால் எழும்புகிறான்.

"படு, படு. துண்டு எங்கை?"

"அதை அவை அட்டையோடை வாங்கி வைச்சிட்டினம் சேர்."

அப்போது தாதி ஒரு சின்னக் கிண்ணத்தில் மாத்திரைகள் கொண்டுவந்தாள். அதற்குள் என்னுடையதும் கிடந்தது. பத்து வருடமாக விழுங்கும் மாத்திரை, எனக்குத் தெரியாதா? தாதி நின்று பார்க்க, அவன் எல்லாவற்றையும் ஒரே மிடறில் விழுங்கினான்.

"அதிலை ஒண்டு உன்ர இல்லை."

"தெரியும் சேர். அட்டையிலை இருக்குத்தானே. ரெலிபோனிலை ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்தவை. இந்தக் குளிசையெல்லாம் போடுறனீங்களோ எண்டு அந்தப் பிள்ளை வாசிச்சுக் கேட்டுது. நான் ஓமெண்டனான். நெஞ்சு படபடப்பு எப்ப வந்தது எண்டும் கேட்டுது. ரெண்டாயிரத்து ஒன்பது, மாசி எண்டனான். ஒரு பிழையும் விடேல்லை."

பெருமையாகச் சொன்னான்.

அகதிக் கேஸ் என்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு பாடப்புத்தகம். எந்தத் திகதி பிடித்தார்கள், எத்தனை நாள் வைத்திருந்தார்கள், எந்த வழியால் வந்தாய், எல்லாம் மனப்பாடம். ஒரு திகதி மாறினால் பொய்யன் என்று எழுதிவிடுவார்கள். தவபாலனின் கேஸ் தோற்றதே, ஒரே கைதுக்கு இரண்டு வெவ்வேறு மாதம் சொன்னதால். அவனை உண்மையாகவே பிடித்தார்கள், உண்மையாகவே அடித்தார்கள். ஆனால் உண்மை பாடமாக இல்லை. அதனால் என் அட்டையை அவனிடம் கொடுத்தபோது, என்னையே ஒரு கேஸ் போல அவனுக்குப் பாடமாக்கினேன். பிறந்த திகதி, தாயின் பெயர், வருத்தங்கள், மாத்திரைகள். ஆறு வாரம், பின்னேரம் பின்னேரமாக. ஒரு பிழை விட்டால் முதலிலிருந்து. "அட்டையிலை என்ன இருக்கோ அதுதான் நீ, விளங்குதோ?" என்று சொன்னேன். ஒருநாள் இரவுச் சாப்பாடு ஆறும்வரை அவனை நிற்கவைத்துக் கேட்டேன். நல்ல ஆசிரியன் நான்.

அந்த மாத்திரையை விழுங்காதே என்று இன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாலைந்து மாத்திரையில் ஒருவனுக்கு ஒன்றும் ஆகாது.

எதற்காக அவனை வெறுக்கிறேன் என்றும் எழுதிவிடுகிறேன். 1998. நான் உப அதிபராக இருந்தேன். அதிபர் பதவிக்குக் கடிதம் வர ஒரு மாதம். அவன் என் ஆய்வுகூடத்தில் உதவியாள். மேலிடத்துக்குப் பெயர் போடாத பெட்டிசம் ஒன்று போனது. ஆய்வுகூட ஸ்பிரிட்டை விமலேந்திரன் வெளியே விற்கிறார் என்று. பதவி போனது. அவன்தான் எழுதினான் என்று எனக்கு அன்றே தெரியும். ஐந்து போத்தல் ஸ்பிரிட். மருந்துச் சாமான் வராத காலம், புண்ணுக்குப் போட ஸ்பிரிட் இல்லாமல் ஊர் கிடந்தது. கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை, சரி. அந்த நேரம் யார்தான் எதைச் சும்மா கொடுத்தார்கள்?

நவம்பர் 7, வியாழன்

மழை. குளியலறைத் தண்ணீர் போகாமல் அடைத்து நிற்கிறது. மாத்திரை மூன்று.

நவம்பர் 8, வெள்ளி

இன்று அவன் ஒப்புக்கொண்டான்.

முகம் வெளிறிக் கிடந்தான். நான் கதிரையில் உட்காருமுன்பே தொடங்கினான்.

"சேர், ஒரு விசயம் சொல்லவேணும். நான் இதோடை செத்துப் போனாலும் எண்டு..."

"கால்புண்ணுக்கு ஒருத்தரும் சாகிறேல்லை."

"அந்தப் பெட்டிசம். நான்தான் போட்டனான்."

இருபத்தொரு வருடம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வந்தால் என்னென்ன சொல்லவேண்டும் என்று வசனம் வசனமாக வைத்திருந்தேன்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஸ்பிரிட் குறைஞ்சதுக்கு முதல் விசாரணை என்ர பேரிலைதானே சேர் வந்தது. அலுமாரித் திறப்பு என்னட்டைத்தான் இருக்கு எண்டு நீங்கள் எழுதிக் குடுத்தனீங்கள். எனக்கு அப்ப ரெண்டு பிள்ளையள். வேலை போனா என்ன செய்யிறது? அதுதான்."

திறப்பு அவனிடம் இருந்தது உண்மை. நான் பொய் எழுதவில்லை. அந்தப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு இருந்ததா என்று அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

"என்னைப் பேசுங்கோ சேர். பேசினால் எனக்கு ஆறுதலாயிருக்கும்" என்றான்.

ஏசவில்லை. அவனுக்கு ஆறுதல் தருவது என் வேலையல்ல. கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வயிற்றைப் பற்றியும் ஏதோ சொன்னான். எழுதுமளவுக்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 9, சனி

காலையில் கடைசி மாத்திரையைப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் இரத்தம் எடுக்கிறார்கள். ஒருவனுக்கு உள்ளுக்குள் ஏதாவது என்றால் அவர்களுக்குத் தெரியாமலா போகும்? இன்று சனிக்கிழமை என்றாலும் யாராவது நிற்பார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாடும் எங்கள் ஆட்களின் வயிற்றுக்குச் சேராது. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தால் அதற்கும் அப்படித்தான் போகும்.

வருகிற 21ஆம் திகதி எனக்குக் குடியுரிமை நேர்காணல். பதினாறு வருடம் இந்த நாட்டின் கழிப்பறைகளைக் கழுவி, அந்த ஒரு கடிதத்துக்கு வந்து நிற்கிறேன். அட்டையை இன்னொருவனுக்குக் கொடுத்தவன் என்று ஒரு வரி கோப்பில் ஏறினால் முடிந்தது. இது பெட்டிசத்தை விட மோசம். பெட்டிசத்தில் அவன் என்னைக் காட்டிக்கொடுத்தான். இதில் நானே போய் என்னைக் காட்டிக்கொடுக்கவேண்டும்.

பழைய மருந்துத் துண்டு ஏதாவது கிடக்குமா என்று மேசை இலாச்சியைக் கிளறினேன். கிடைத்தது வேறு. விசா இல்லாதவர்களுக்கும் அரசாங்கம் தரும் மருத்துவ உதவிக்கான விண்ணப்பம். போன வருடம் சித்திரையில் தவபாலன் எங்கேயோ விசாரித்து எடுத்துவந்து, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது, இதை நிரப்பித் தாங்கோ சேர்" என்று தந்தான். நாலு பக்கம். அரை மணித்தியால வேலை. நேரம் கிடைக்கவில்லை.

அவன் நாலைந்து தடவை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். தனக்கென்று ஓர் அட்டை வந்திருந்தால் அவன் வேறு வீடும் பார்த்திருப்பான்.

மாலை போடுவதற்கு மாத்திரை இல்லை. நெஞ்சுக்குள் தவளை போல ஒன்று துள்ளுகிறது. இன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

ஒழுங்காக எழுதவேண்டும். நடந்தது நடந்தபடி.

காலையில் ரஞ்சி அக்காவிடம் போய், நெஞ்சுக்கு மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நெஞ்சுக்கு இல்லை மாஸ்டர். நோவுக்கெண்டால் இருந்தது, அதையும் உங்கட ஆளே முடிச்சிட்டுது. கால் நோகுது நோகுதெண்டு ரெண்டு மாசமா என்னட்டை வாங்கி வாங்கி விழுங்கினது. சாப்பிட்டுட்டுப் போடு, குடல் புண்ணாகும் எண்டனான். கேட்டாத்தானே."

"எத்தினை போட்டவன்?"

"ஒரு நாளைக்கு மூண்டு, நாலு. ஏன், உங்களுக்குத் தெரியாதோ? ஒரு வீட்டிலைதானே இருக்கிறியள்?"

வெள்ளிக்கிழமை அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "வயித்தாலை கறுப்பாப் போகுது சேர். தார் மாதிரி." என் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அது கொட்டை எழுத்தில் இருக்கிறது. இந்த மாத்திரை போடுபவருக்குக் கறுப்பாகப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது, உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். பத்து வருடமாக எனக்குத் தெரிந்த வரி. வெள்ளி மத்தியானம் தெரியும். சனி முழுவதும் தெரியும்.

வாங்கிய பாணைக் கடையிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

அவனுடைய உதடு சாம்பல் நிறமாக இருந்தது. தாதிகளின் மேசைக்குப் போய், கட்டில் பதினெட்டில் இருப்பவருக்கு உள்ளே இரத்தம் போகிறது, அந்த மாத்திரையை நிறுத்துங்கள் என்றேன். அவரே தினமும் போடும் மாத்திரைதானே, கேட்டு உறுதிப்படுத்தியிருக்கிறோம் என்றாள் தாதி.

"அது அவருடைய மாத்திரை அல்ல. என்னுடையது. செல்லையா விமலேந்திரன் நான்தான்."

எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். வந்து மூன்று தடவை வேறு பெயரில் கையெழுத்து வைத்தவன்தானே. என் அடையாளப் பத்திரத்தை மேசையில் வைத்தேன். படத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இந்த நாட்டில் முதல் தடவையாக ஒருத்தி என் முகத்தை ஒழுங்காகப் பார்த்தாள். டொக்டரைக் கூப்பிட்டாள்.

"அப்படியானால் அவர் யார்? முழுப்பெயர், பிறந்த திகதி, என்னென்ன வருத்தம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?" என்று அந்தப் பெண் டொக்டர் ஓட்டமாகக் கேட்டார்.

தவபாலன் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. என் தாயின் பெயர் அவனுக்குத் தெரியும். நான் மயங்கி விழுந்த மாதம் தெரியும். அவன் எந்த வருடம் பிறந்தான் என்று எனக்குத் தெரியாது.

கட்டிலுக்கு ஓடினேன்.

"தவபாலன், உன்ர பிறந்த திகதியைச் சொல்லு."

கண்ணைத் திறக்காமலே சொன்னான். "ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தாறு, ஆவணி பதினாலு."

"அது என்ரயடா!"

"மெல்லமாக் கதையுங்கோ சேர், ஆரும் கேக்கப்போகினம்."

"நான் எல்லாத்தையும் சொல்லீற்றன். உன்ரயைச் சொல்லு."

"சோதிச்சுப் பாக்கிறியள் என்ன? நான் மாறமாட்டன். தாயின் பேர் அன்னலட்சுமி. படபடப்பு ரெண்டாயிரத்து ஒன்பது, மாசி."

நான் அவ்வளவு நன்றாகப் படிப்பித்திருந்தேன். டொக்டர் தோளுக்குப் பின்னால் நிற்கிறார், நேரம் போகிறது, அவன் என்னை ஒப்புவித்துக்கொண்டே கிடக்கிறான். அவன் கன்னத்தைப் பிடித்து உலுக்கி, வகுப்பில் கத்துவது போலக் கத்தினேன்.

"பாடம் முடிஞ்சுது! கொப்பியை மூடு! நீ ஆர்?"

கண்ணைத் திறந்தான்.

"இராசையா தவபாலன்" என்றான், சந்தேகத்தோடு. "அறுபத்தொண்டு, பங்குனி ரெண்டு."

என்னைவிட ஐந்து வயது மூத்தவன். வாழ்நாள் முழுக்க நான் 'டா' போட்டுக் கூப்பிட்டவன்.

பிறகு அவன் வாந்தி எடுத்தான். கோப்பித்தூள் போலக் கறுப்பாக வந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். என்னை நடைபாதையில் இருத்தி, கடைசி மாத்திரை எப்போது போட்டாய் என்று கேட்டு, ஒரு தாதி எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தாள். தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.

நவம்பர் 11, திங்கள்

விடுமுறை நாள். உயிரோடு இருக்கிறான். குழாய் விட்டுக் குடலில் இருந்த புண்ணை அடைத்தார்களாம். நாலு பை இரத்தம். தொலைபேசியில் சொன்னார்கள்.

குளியலறை அடைப்பை எடுத்தேன். முழுக்க என் மயிர்தான்.

நவம்பர் 13, புதன்

மத்தியானம் வரச்சொல்லியிருந்தார்கள். தலைமாட்டில் இப்போது அவனுடைய பெயர் இருக்கிறது. அந்த டொக்டரும், ஆஸ்பத்திரியின் சமூக சேவைப் பெண் ஒருத்தியும் கட்டிலுக்கு இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம். மொழிபெயர்க்கும் ஆள் கிடைக்கவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்.

விசா இல்லாவிட்டாலும் உங்களுக்கு உரிய உதவி இருக்கிறதே, ஏன் இவ்வளவு காலமாக விண்ணப்பிக்கவில்லை, என்று சமூக சேவைப் பெண் கேட்டாள். தமிழில் சொன்னேன்.

தவபாலன் என் முகத்தைப் பார்த்தான். "அப்பிடி ஒண்டு இருக்கெண்டே எனக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ சேர்."

"இந்த அட்டை உங்கள் கைக்கு எப்படி வந்தது? இப்படிப் பதில் சொல்லும்படி யார் சொல்லித் தந்தது?" என்றார் டொக்டர். கோபமாகத்தான் கேட்டார். இதை எழுதி மேலே அனுப்பவேண்டும் என்றும் சொன்னார். அதையும் தமிழில் சொன்னேன்.

அவனுக்கு மூச்சு இன்னும் சரியாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னான்.

"நான் உங்கட கோட்டுக்குள்ளை இருந்து களவெடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. உங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லுங்கோ. எனக்கு விசா இல்லை, என்னட்டை இருந்து என்னத்தைப் பறிக்கப்போகினம்? உங்களுக்கு இருவத்தொண்டாந் திகதி நேர்காணல் எல்லே. பெட்டிசத்துக்கு இது சரி சேர்."

இரண்டு பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவன் சொன்னதை அவன் சொன்னபடி சொல்வதுதான் மொழிபெயர்ப்பு. அதில் ஒரு பிழையும் இல்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

இருபத்தொரு வருடமாக அவனை வெறுத்து வருகிறேன். எனக்கென்று நான் இங்கே கொண்டுவந்து சேர்த்தது அது ஒன்றுதான். பெட்டிசத்துக்கு இது சரி என்கிறான். இவனா சரி செய்வது? இவன் தயவில் கிடைக்கும் குடியுரிமையை வைத்துக்கொண்டு நான் இவனை எப்படி வெறுப்பது?

பிரெஞ்சில் சொன்னேன். அட்டையை நான் கொடுத்தேன். பாடத்தை நான் சொல்லிக்கொடுத்தேன். விண்ணப்பத்தை அவர் பத்தொன்பது மாதத்துக்கு முன்பே கொண்டுவந்து தந்தார், நான் நிரப்பவில்லை. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை வரை சொல்லவில்லை.

சமூக சேவைப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். கடைசியில் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள் என்றார் டொக்டர். திரும்பச் சொன்னேன்.

தவபாலனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டான்.

"சொல்லீற்றியளோ சேர்?"

"சொல்லீற்றன்."

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டான்.